இடப்பக்கப் பெட்டி

ஏப்ரல் 3, திங்கள்

இந்த நோட்டின் முதல் பதினோரு பக்கங்களில் எங்கள் ஹம்பிப் பயணம் இருக்கிறது. எந்த ஊரிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பினோம், எங்கே செயினுக்கு எண்ணெய் போட்டோம், எந்தக் கடையில் இட்லி நன்றாக இருந்தது, எல்லாம் என் கையெழுத்தில். அடுத்த பக்கத்தில் 'மேகாலயா' என்று தலைப்பு மட்டும் எழுதி அடிக்கோடிட்டிருக்கிறேன். அதற்குக் கீழே இதை எழுதுகிறேன்.

காலை ஆறு மணி, எழுபது மில்லி. பத்து மணி, அறுபத்தைந்து. மதியம் இரண்டு, அறுபது. மாலை ஆறு, எழுபது.

குழந்தை போய் இன்றோடு இருபத்து மூன்று நாள். பத்தொன்பது நாள் இருந்தாள். பாலுக்கு மட்டும் அவள் போனது தெரியவில்லை, சுரந்துகொண்டே இருக்கிறது. 'கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டால் தானாக நின்றுவிடும்' என்று டாக்டர் சொன்னார். நான் குறைக்கவில்லை. வேளை தவறாமல் பம்பை வைத்து எடுத்து, புட்டியில் தேதி ஒட்டி ஃப்ரீசரில் வைக்கிறேன். தபால் ஆபீசில் ஒன்பது வருஷம் முத்திரை குத்திய கை. தேதி இல்லாமல் எதையும் வைக்கத் தெரியாது.

ஃப்ரீசரில் இனி இடமில்லை. காலையில் வீட்டுக்காரர் திறந்து பார்த்தார், மூடினார், டீ ஃபேக்டரிக்குக் கிளம்பிவிட்டார். அங்கே அவர்தான் எலக்ட்ரீஷியன். அத்தனை பெரிய மெஷின் நின்றுபோனாலும் காதை வைத்துக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார் என்பார்கள்.

மதியம் முழுக்க மூடுபனி. ஜன்னலைத் திறந்து வைத்தேன். அது உள்ளே வந்து கட்டிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனது.

ஏப்ரல் 5, புதன்

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். குறைமாதக் குழந்தைகள் வார்டுக்குப் பின்னால் தாய்ப்பால் வங்கி இருக்கிறது. ரமணி சிஸ்டர் எடுத்தார். நான் அங்கே இருந்த நாட்களில் பம்பை எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக் கொடுத்தவர் அவர்தான்.

"வீட்ல எத்தனை புட்டிம்மா இருக்கு?"

"நாப்பத்தியொண்ணுங்க சிஸ்டர்."



"தமயந்தி, உனக்குப் பரவால்லியா? கட்டாயம் ஒண்ணும் கெடையாது பாரு."

"குடுக்கணும்ங்க."

பால் கொடுப்பவர்களுக்கு வேண்டிய ரத்தப் பரிசோதனையை நான் வார்டில் இருந்தபோதே எடுத்தார்களாம், அது போதும் என்றார். ஆனால் உறைந்த பால் உறைந்தபடியே வந்து சேர வேண்டும். இளகியிருந்தால் எடுக்க மாட்டார்கள். "எழுநூறு கிராம், எண்ணூறு கிராம் புள்ளைங்கம்மா. அதுங்க விஷயத்துல நாங்க எதுவும் பரவால்லன்னு விட முடியாது."

ராத்திரி வீட்டுக்காரரிடம் சொன்னேன். சோற்றைப் பிசைந்தபடியே "ஞாயித்துக்கெழமை போலாம்" என்றார். வால்பாறையிலிருந்து கீழே இறங்க நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். காரிலும் பஸ்ஸிலும் எனக்கு வாந்தி வரும், பைக்கில் வராது. அதனால் பைக். அதைப் பற்றிப் பேசவே இல்லை.

ஏப்ரல் 9, ஞாயிறு

எங்கள் வண்டி நெடுந்தூரம் போவதற்கென்றே உள்ள பெரிய வண்டி. பின்னால் இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டிகள். வலதில் எப்போதும் அவர் சாமான், இடதில் என்னுடையது. இன்று இடப்பக்கப் பெட்டியில் ஒரு தெர்மோகோல் டப்பா, அதற்குள் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே பன்னிரண்டு புட்டிகள்.

மேலே குளிர். ஆழியாறு வந்ததும் வெயில் முகத்தில் அறைந்தது. பொள்ளாச்சி தாண்டி ஒரு ரயில்வே கேட்டில் இருபத்தைந்து நிமிஷம் நின்றோம். பெட்டியின் மேல் கை வைத்தேன். தோசைக்கல் போலச் சுட்டது.

ரமணி சிஸ்டர் ஒரு புட்டியை எடுத்து விரலால் அழுத்தினார். பிறகு காதருகே வைத்து ஆட்டினார். எனக்கே கேட்டது.

"எல்லாமே எளகிடுச்சும்மா."

"ஒண்ணாவது?"

எல்லாவற்றையும் பொறுமையாக எடுத்து அழுத்திப் பார்த்தார். எனக்காகத்தான் அப்படிப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"நான் ஊத்திடறேன். நீ வெளிய போய் உக்காரு."

"இல்லைங்க. நானே ஊத்தறேன்."

பன்னிரண்டையும் தொட்டியில் ஊற்றினேன். கடைசிப் புட்டி ஊற்றும்போது வீட்டுக்காரர் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது பெட்டி காலி. வளைவுகளில் தெர்மோகோல் டப்பா உள்ளே அங்குமிங்கும் இடித்துக்கொண்டே வந்தது.

ஏப்ரல் 10, திங்கள்

நான்கு வேளையும் எடுத்தேன். அவருக்கு டீ போடவில்லை. கொஞ்ச நாளாகவே போடுவதில்லை. அவரும் கேட்பதில்லை.

ஏப்ரல் 12, புதன்

வேலை முடிந்து வந்தவர் சட்டைகூட மாற்றாமல் வண்டியிலிருந்து இடப்பக்கப் பெட்டியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்தார். தரையில் வைத்து, உள்ளே அளவெடுத்தார்.

"பெட்டிக்குள்ள கரண்ட் குடுத்துட்டா?" என்றார். என்னிடம் கேட்டாரா, பெட்டியிடம் கேட்டாரா தெரியவில்லை.

பொள்ளாச்சியில் டூரிஸ்ட் கார் ஓட்டும் சிநேகிதர் ஒருவரிடம் குட்டி ஃப்ரிட்ஜ் ஒன்று இருக்கிறதாம். கார் பேட்டரியில் ஓடுவது. ஃப்ரீசர் அளவுக்குக் குளிரும். பெட்டிக்குள் சரியாக உட்காரும். "கூடவே உன் பம்புக்கும் ஒரு சார்ஜர் பாயின்ட் வெச்சிடறேன். வழியில நின்னு எடுக்க வேண்டியிருக்கும்ல."

பம்ப் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து முதல்முறையாகக் கேட்கிறேன்.

ஏப்ரல் 16, ஞாயிறு

நாள் முழுக்க வாசலில் வேலை. சீட்டைக் கழற்றி, பேட்டரியைத் திறந்து, கம்பிகளைப் பிரித்துப் போட்டிருந்தார். நான் டார்ச் பிடித்தேன்.

காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் காட்டினார். ஓடும்போது என்ஜின் உண்டாக்கும் கரண்ட் இவ்வளவு, ஹெட்லைட்டும் மற்றதும் தின்பது இவ்வளவு, மீதி இவ்வளவு. ஃப்ரிட்ஜுக்கும் பம்புக்கும் மட்டுமட்டாகப் போதும். பேட்டரியை ஒட்டியே ஒரு ஃபியூஸ். பிறகு ஒரு ரிலே, அதாவது சாவி போட்டால்தான் பெட்டிக்குக் கரண்ட் போகும், எடுத்தால் நின்றுவிடும்.

"வண்டி நிக்கிறப்ப?" என்று கேட்டேன்.

"நின்னா ஃப்ரிட்ஜும் நிக்கும்."

"ரயில்வே கேட்ல நின்னமே."

யோசித்தார். பிறகு தனியாக ஒரு சுவிட்ச் வைத்தார். அதைப் போட்டால் என்ஜின் ஓடாவிட்டாலும் பேட்டரியிலிருந்து நேராகப் பெட்டிக்குப் போகும். "ஆனா இருபது நிமிஷம், மிஞ்சினா அரைமணி. அதுக்கு மேல போனா பேட்டரி எறங்கிடும், வண்டி கெளம்பாது." ஹேண்டில்பாரில் குட்டி மீட்டர் ஒன்றும் ஒட்டினார். பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்று சிவப்பு எழுத்தில் காட்டும்.

மாலையில் ஓட்டிப் பார்த்தபோது இரண்டாவது நிமிஷத்தில் ஃபியூஸ் போனது. அவர் ரிலேவைச் சந்தேகப்பட்டார். கம்பி பெட்டிக்குள் நுழையும் துளையில் நான் விரலை விட்டுப் பார்த்தேன். அலுமினிய விளிம்பு பிளேடு மாதிரி இருந்தது. கம்பியின் தோல் கிழிந்து செம்பு தெரிந்தது.

"அட, ஆமா" என்று சொல்லி என் விரலைப் பிடித்துப் பார்த்தார். லேசாக ரத்தம். துளைக்கு ஒரு ரப்பர் வளையம் போட்டார். என் விரலுக்கு இன்சுலேஷன் டேப் சுற்றினார். நான் கையை இழுத்துக்கொண்டேன். கொஞ்சம் சீக்கிரமாகவே இழுத்துக்கொண்டேன் போலிருக்கிறது.

ஏப்ரல் 19, புதன்

கனவில் தபால் ஆபீஸ். மூட்டையைப் பிரித்தால் உள்ளே கடிதம் இல்லை, மூடுபனிதான். நான் அதற்கும் முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். வரிசையில் நின்றவர்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

ஏப்ரல் 23, ஞாயிறு

பதினெட்டுப் புட்டிகள் வைத்தோம். ஓடும்போது இடது காலில் ஃப்ரிட்ஜின் துடிப்பு தெரிகிறது. என்ஜின் துடிப்பு வேறு, இது வேறு. மிகச் சின்னது, விட்டு விட்டு வருவது. பனிக்குள் இறங்கிக்கொண்டே இருந்தோம். முன்னால் ஒன்றும் தெரியவில்லை, பின்னாலும் தெரியவில்லை. அவர் முதுகு இருந்தது, காலில் அந்தத் துடிப்பு இருந்தது. அப்படியே எங்கும் போய்ச் சேராமல் போய்க்கொண்டே இருந்தால் என்ன என்று தோன்றியது.

ஆழியாறில் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி, மழைக்கோட்டைப் போர்த்திக்கொண்டு பால் எடுத்தேன். பம்ப் பெட்டியிலேயே முழுதாகச் சார்ஜ் ஏறியிருந்தது. அவர் முதுகைக் காட்டி நின்று சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எடுத்து முடித்து, புட்டியைத் தனியாகக் குளிர்ந்த பையில் வைத்தேன்.

ரமணி சிஸ்டர் அழுத்திப் பார்த்தார். இந்தமுறை ஆட்டிப் பார்க்கவில்லை. "கல்லு" என்றார்.

யாருக்குக் கொடுப்பீர்கள் என்று கேட்டேன். "அதச் சொல்ல மாட்டோம்மா" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

ஏப்ரல் 30, ஞாயிறு

பதினாறு புட்டி. மழை இல்லை. எழுத ஒன்றும் இல்லை.

மே 14, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

நேற்று நல்ல கோடைமழை. காலை ஆறரைக்குக் கிளம்பினோம். பதினெட்டாவது வளைவுக்குச் சற்று மேலே வண்டிகள் வரிசையாக நின்றன. பெரிய மரம் ஒன்று சாலைக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது. மரம் அறுக்கும் ஆட்கள் கீழேயிருந்து வர இரண்டு மணி நேரமாகும் என்றார்கள். எங்களுக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு வண்டிகள், பின்னால் அதற்கு மேல்.

முதலில் என்ஜினை ஓடவிட்டே பார்த்தார். நின்ற இடத்தில் ஓடினால் மீட்டர் ஏறவில்லை, என்ஜின்தான் கொதித்தது. அணைத்துவிட்டு அந்தத் தனிச் சுவிட்சைப் போட்டார். பனி விலகி வெயில் வந்தது. இருபது நிமிஷம் ஆனது. அரைமணி ஆனது. பன்னிரண்டு புள்ளி மூன்று. பன்னிரண்டு புள்ளி ஒன்று.

"பதினொண்ணு புள்ளி ஒம்பது. போதும் தமா, அணைச்சிடலாம்."

"வேண்டாங்க."

"இதுக்கு மேல போனா வண்டி கெளம்பாது. எறக்கத்துல உருட்டினாலும் கெளம்பாது. கரண்ட் இல்லன்னா இந்த வண்டிக்கு பெட்ரோலே போகாது."

"போகலைன்னா போகட்டும்."

"மூடியே வெச்சா கொஞ்ச நேரம் தாங்கும். அப்படியே எளகினாலும் என்ன பண்றது, போதும், நம்மளால முடிஞ்சது..."

"அன்னைக்கும் போதும்னுதான் சொன்னீங்க."

சொல்லிவிட்டேன். இரண்டு மாதமாக இந்த நோட்டில்கூட எழுதாததை நடுரோட்டில் வைத்துச் சொல்லிவிட்டேன்.

மார்ச் 11, சனிக்கிழமை, மதியம். நான் பால் எடுக்கும் அறையில் இருந்தேன். உள்ளே அவளுக்கு இதயம் ஒருமுறை நின்று, திரும்ப ஓட வைத்திருக்கிறார்கள். டாக்டர் வெளியே வந்து இவரிடம் கேட்டார்: மறுபடி நின்றால் மறுபடியும் முயற்சி செய்யவா? இவர் "போதும்ங்க" என்றார். முப்பது மில்லிப் புட்டியோடு நான் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. டாக்டர்தான் எனக்குச் சொன்னார். ஏன் என்னைக் கூப்பிடவில்லை என்று இவரிடம் நான் கேட்டதில்லை. இவரும் சொன்னதில்லை.

சுவிட்சிலிருந்து கையை எடுத்தார். என்னை ஒருமுறை பார்த்தார். திரும்பி, வண்டிகள் நின்ற வரிசையோடு மேலே நடந்து போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் நினைத்தேன். நான் சுவிட்சைத் தொடவில்லை. பதினொன்று புள்ளி எட்டு. அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கீழே பாறைச்சரிவில் ஒரு வரையாடு, தன் நிழலைப் பார்ப்பதுபோலத் தலை குனிந்து நின்றது.

திரும்பி வந்தபோது அவரோடு ஒருவர் வந்தார். மினி டெம்போ ஓட்டுகிறவர், காலிக் காய்கறிக் கூடைகளோடு இறங்குகிறவர். பெயர் ஹமீது. ஒவ்வொரு வண்டியாகப் போய்க் கேட்டிருக்கிறார் இவர். சிகரெட் லைட்டர் சாக்கெட் வேலை செய்கிற வண்டி எது என்று.

இரண்டு பேருமாக ஃப்ரிட்ஜைத் தூக்கிக்கொண்டு போய் டெம்போவில் வைத்துச் சொருகினார்கள். பச்சை விளக்கு எரிந்தது.

"உள்ள என்னங்க, மீனா?" என்றார் ஹமீது.

"பாலுங்கண்ணா."

"பாலுக்கா இத்தனை பாடு? கீழ எறங்குனா எந்தக் கடையிலயும் கெடைக்குமே."

"தாய்ப்பாலுங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறோம்."

"அப்படியா. உங்க கொழந்தை அங்க இருக்குதா தங்கச்சி?"

"இல்லைங்கண்ணா. எங்க கொழந்தை எறந்துபோச்சு. இது வேற கொழந்தைங்களுக்கு."

வாயால் அதை நான் சொன்னது இன்றுதான். ஊரில் யாரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

 ஹமீது டெம்போவில் ஏறி உட்கார்ந்து என்ஜினை ஓடவிட்டார். மரத்தை அறுத்து முடிக்கும்வரை இறங்கவே இல்லை. பின்னால் யாரோ "ஏம்ப்பா, புகை" என்று கத்தினார்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

நாங்கள் ஓரத்துச் சுவரில் உட்கார்ந்தோம். பள்ளத்தாக்கில் ஆழியாறு அணை ஒரு தட்டுத் தண்ணீர்போலத் தெரிந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"உன்னைக் கூப்பிட வந்தேன். அந்த ரூம் கதவு வரைக்கும் வந்தேன். உள்ள பம்ப் சத்தம் கேட்டுச்சு. நீ ஏதோ பாடிட்டிருந்தே."

பால் வருவதற்காக மெல்ல எதையாவது முனகுவேன். சிஸ்டர் சொல்லிக் கொடுத்தது.

"கதவைத் தட்டக் கை வரல. திரும்பப் போனேன். ரெண்டு வெரலை வெச்சு அவ நெஞ்சை அமுக்கிட்டிருந்தாங்க. அந்த நெஞ்சே என் உள்ளங்கைக்குப் பாதிதான் இருந்துச்சு. உசுரு வந்துச்சு. கண்ணைத் தொறந்தா. அழத் தெம்பில்ல, வாய் மட்டும் கோணிச்சு. மறுபடி நின்னா இதையே பண்ணவான்னு கேட்டாங்க." சுவரில் இருந்த பாசியை நகத்தால் சுரண்டினார். "அவளுக்கு வலிச்சது போதும்னுதான் சொன்னேன். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நாளாக நாளாக இன்னும் தெரியல."

 அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். முரட்டுக் கை, நகக்கண்ணில் கிரீஸ். கண்ணைத் திறந்தாள் என்பது எனக்குத் தெரியாது. அவள் கடைசியாகப் பார்த்தது அவரை.

பத்து மணிக்கு வழி விட்டார்கள். வண்டி இருமி இருமிக் கிளம்பியது. ஹமீது ஃப்ரிட்ஜைக் கொண்டுவந்து தன் கையாலேயே பெட்டிக்குள் இறக்கி வைத்தார். எங்களை முன்னால் விட்டு, ஆழியாறு வரை பின்னாலேயே வந்தார்.

பதினைந்து புட்டிகள். அத்தனையும் கல்.

மே 15, திங்கள்

அவருக்கு டீ போட்டேன். சர்க்கரை எத்தனை ஸ்பூன் என்பது ஒரு நிமிஷம் நினைவுக்கு வரவில்லை.

மே 28, ஞாயிறு

பதினோரு புட்டி. குறைகிறது. நான் குறைக்கவில்லை, தானாகக் குறைகிறது. காலையில் முப்பது மில்லி, மாலையில் இருபது.

அவர் இப்போதெல்லாம் வழியில் பேசுகிறார். அவளுக்கு என் அம்மாவின் காது என்கிறார். நான் அவளைப் பார்த்ததெல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள், குல்லாயோடு. காதைப் பார்த்ததே இல்லை. அவர் பார்த்திருக்கிறார். வளைவுக்கு வளைவு ஒன்றாகச் சொல்லிக்கொண்டே வருகிறார். நான் ஹெல்மெட்டை அவர் முதுகில் சாய்த்துக்கொண்டு கேட்கிறேன். பாதி காற்றில் போய்விடுகிறது.

ஜூன் 15, வியாழன்

எட்டு மில்லி. வெள்ளையாகக்கூட இல்லை, தண்ணீர்போல.

மழை பிடித்துக்கொண்டது. இனி மூன்று மாதம் இப்படித்தான்.

ஜூன் 18, ஞாயிறு

கடைசி நான்கு புட்டிகளைக் கொடுத்துவிட்டு வந்தோம். ரமணி சிஸ்டர் வாசல்வரை வந்தார். என் மழைக்கோட்டின் பொத்தானைப் போட்டுவிட்டார். திரும்பி வரும்போது வீட்டுக்காரர் ஃப்ரிட்ஜை அணைத்தே வைத்திருந்தார். இடது காலில் ஒன்றும் துடிக்கவில்லை. நாற்பது வளைவும் மழை. ஹெல்மெட்டுக்குள் அழுதேன். அவருக்கும் தெரியும். வண்டியை நிறுத்தவில்லை, வேகத்தை மட்டும் குறைத்துக்கொண்டார்.

ஜூன் 26, திங்கள்

வேலைக்குத் திரும்பினேன். கவுண்டரில் நீண்ட வரிசை. எல்லோரும் என்னிடம் அளவுக்கு மீறி மெதுவாகப் பேசினார்கள்.

ஜூன் 29, வியாழன்

மதியம் ரமணி சிஸ்டர் போன் செய்தார்.

"தமயந்தி, அந்தப் பெட்டி இன்னும் வண்டியிலதான் இருக்கா?"

இருக்கிறது என்றேன்.

எங்கள் எஸ்டேட்டுக்கு அடுத்த எஸ்டேட்டில் பூவாத்தா என்று ஒரு பெண், தேயிலை பறிக்கிறவள், இருபத்து மூன்று வயது. ஏழாம் மாதத்திலேயே பையன் பிறந்துவிட்டான். ஒரு கிலோ நூறு. கீழே வார்டில் இருக்கிறான். மேலே வீட்டில் நான்கு வயதுப் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்து, பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் இவள் மேலே வந்துவிட்டாள். பால் இருக்கிறது, கீழே போக வழியில்லை. தாயின் பாலாகவே கொடுத்தால் அவனுக்கு இன்னும் நல்லது.

"உனக்கு முடியலைன்னா சொல்லிடும்மா. நான் ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மாலை அவர் வந்ததும் சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்தார்.

"நீ என்ன சொல்றே?"

"பேட்டரி நல்லா இருக்குதுங்களா?" என்றேன்.

சட்டை மாற்றாமல் மழையில் இறங்கிப் போய்ச் சீட்டைக் கழற்றினார்.

ஜூலை 2, ஞாயிறு

காலை ஆறு மணிக்குப் பூவாத்தா வீட்டு வாசலில் நின்றோம். தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டு வரிசையில் கடைசி. பனியும் மழையும் சேர்ந்து எதிர் வீடுகூடத் தெரியவில்லை. வயிற்றுத் தையலைப் பிடித்தபடி வந்து, கையால் எடுத்துப் பக்கத்துக் கடை ஃப்ரீசரில் உறைய வைத்திருந்த ஏழு புட்டிகளைக் கொடுத்தாள். தேதி ஒட்டவில்லை. நான் ஒட்டினேன்.

"அக்கா, அவன ஒருவாட்டி பாத்துட்டு வந்து சொல்றீங்களா? எப்படி இருக்கான்னு மட்டும்."

சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. வங்கிக்குத் தனி வாசல் உண்டு. மார்ச் மாதத்துக்குப் பிறகு நான் வார்டுக்குள் போனதே இல்லை.

ரமணி சிஸ்டர் புட்டிகளை வாங்கிக்கொண்டு, "நீ உள்ள வர வேண்டாம், நானே பாத்துச் சொல்றேன்" என்றார். நான் செருப்பைக் கழற்றினேன். கையை முழங்கை வரை கழுவினேன். பச்சை அங்கியைப் போட்டுக்கொண்டேன். கதவு வரை வீட்டுக்காரர் என்னோடு வந்தார். உள்ளே ஒருவர்தான் போகலாம்.

அதே சத்தங்கள். அதே வெதுவெதுப்பு. ஜன்னலோரம் மூன்றாவது இடத்தில் வேறு ஒரு குழந்தை இருந்தது. அங்கே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. சிஸ்டர் காத்திருந்தார், கூப்பிடவில்லை. அந்தக் குழந்தை தூக்கத்தில் ஒரு காலை உதறியது. பிறகு நகர்ந்தேன்.

அந்த வார்டில் குழந்தைகளுக்குப் பெயர் கிடையாது. அம்மா பெயர்தான் எழுதியிருக்கும். ஐந்தாவது பெட்டியில் 'பூவாத்தா பேபி'. சிவந்த, சுருங்கிய, கோபக்காரப் பையன். மூக்கில் குழாய். வங்கியில் இளக்கிய பாலை ஊசிக்குழலில் ஊற்றி, அதைக் குழாயின் முனையில் மாட்டி, சிஸ்டர் என்னிடம் நீட்டினார்.

"இப்படி மேல பிடிச்சுக்க. அமுக்கக் கூடாது. தானா எறங்கும்."

பிடித்துக்கொண்டேன். பன்னிரண்டு மில்லி. இறங்க எட்டு நிமிஷம் ஆனது. மறு கையால் போனில் வீடியோ எடுத்தேன். சிஸ்டர் பார்க்காதவர்போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெளியே வந்தபோது அவர் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றார்.  "குடிச்சான்ங்க" என்றேன். "முழுசாக் குடிச்சான்." அவர் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மாலை நான்கு மணிக்குப் பூவாத்தா வீட்டுக்குள் நுழைந்தோம். பெரியவள் போர்வைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். பூவாத்தாவிடம் போனைக் கொடுத்தேன். நாற்பது விநாடிப் படம். முதல் தடவை பார்க்கும்போது அவள் மூச்சே விடவில்லை. இரண்டாவது தடவை திரையைத் தொட்டாள், படம் நின்றுவிட்டது, பதறிப்போனாள். நான் மறுபடி ஓட்டினேன். கடைசியில், குழாயில் பால் தீரும்போது, பையன் முகம் முழுவதையும் சுருக்கி வாயைத் திறக்கிறான்.

"அக்கா, கொட்டாவி விடறான்! பாருங்கக்கா, வயிறு ரொம்பி கொட்டாவி விடறான்!"

சத்தமாகச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே குனிந்து தன் ரவிக்கையைப் பார்த்தாள். இரண்டு பக்கமும் நனைந்து பரவிக்கொண்டிருந்தது. அவர் சட்டென்று வாசலுக்குப் போய்விட்டார்.

"ஐயோ, வந்துடுச்சு. வீணாப் போகுது பாருங்க. அக்கா, பம்ப், பம்ப்!"

சிஸ்டர் கொடுத்தனுப்பிய புதுப் புனல் செட்டைப் பிரித்து, அவளுக்காகக் கொண்டுவந்திருந்த என் பம்பில் மாட்டினேன்.  அவள் ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல், மறு கையை என் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தாள்.

"சீக்கிரம் குடுங்கக்கா," என்றாள், "அவன் மறுபடியும் குடிக்கிறான்."